ஒன்பது கால்

மெலிற்றாவின்ர முதல் சம்பளம்.
"இண்டைக்கு அடுப்பு மூட்டாதேங்கோ அம்மா" எண்டாள்.
காஸ் அடுப்பை மூட்டுறதென்ன, திருகிறதுதானே
எண்டு நினைச்சபடி
கலியாணவீட்டுச் சீலையை எடுத்து உடுத்தன்.

ஸ்ரான்லி வீதி, மருந்துக்கடைக்கு மேல்மாடி.
சுவரில் ஒரு மீன்வால் சிங்கம்
வாயால் தண்ணி துப்புது, சுவர் நனையாமல்.
ஏசி, மார்கழிக் கடலை விடக் குளிர்.
என்ர மனுசன் சேட்டின் மேல்தெறியைப் பூட்டினார்,
பூசைக்குள்ள நுழையிற மாதிரி.
கெவின் கண்ணாடி மேசையில்
மூச்சை விட்டுத் தன்ர பேர் எழுதினான்,
துடைச்சான்,
திரும்ப எழுதினான்.

மெனு அட்டையில் மனுசன்
வலப்பக்கத்தை மட்டும் வாசிச்சார்,
விலை நிற்கிற பக்கம்.
"எனக்குப் பெரிசாப் பசியில்லை."
மகள் அட்டையைப் பறிச்சாள்.
சிங்கப்பூர் சில்லி நண்டு, பெரிசாய் ஒண்டு,
பொரிச்ச பன், சோறு, இஞ்சி போட்ட கீரை
எண்டு அடுக்கிக்கொண்டே போனாள்,
பிறந்த நாள் தொட்டு அங்கேயே சாப்பிடுறவள் போல.
எழுதி எடுத்தவன் எங்கடை ஒழுங்கை
றெஜினோல்டின்ர பெடியன்.
என்னை "மேடம்" எண்டான்.
நானும் ஆரோ எவரோ எண்டு தலையாட்டினேன்.
வேலை நேரம், பாவம்.

நண்டு வந்தது.
சிவப்புக் குழம்பில் முட்டை நூல்நூலாய் ஓட,
ஓடு மேலே தொப்பி மாதிரிக் கவிண்டு.
மெலிற்றா கதிரையில் ஏறாத குறையாய்ப் படமெடுத்தாள்.
மனுசன் விரலால் தொட்டு நக்கி,
"நண்டுக்குச் சீனி போட்டிருக்கிறாங்களப்பா" எண்டார்
செத்தவீடு சொல்லுற குரலில்.

நான் ருசி பார்க்கேல்லை.
என்ர கை முதலில் எண்ணிச்சுது.
பதினொரு வருசமாய்
பாசையூர்க் கம்பனியில், விடிய நாலு மணிக்கு
கடிக்கிற கையை மடக்கிச் சணலால் கட்டி,
வயித்தை அமத்திப் பார்த்து
தண்ணி நண்டைக் கழிச்சு
கால் குறைஞ்சதைக் கழிச்சு
மிச்சத்தை ஈரச் சாக்கில் அடுக்கி
பிளேனுக்கு அனுப்புற கை.
எத்தினை ஆயிரம் சிங்கப்பூர் பார்த்திட்டுதுகள்.
எனக்குப் பாஸ்போட் இல்லை.

ஒன்பது.
கரண்டியால் குழம்பைக் கிளறித் தேடினேன்.
ஒன்பதுதான்.

பேசாமல் இருந்திருக்கலாம்.
பிள்ளையின்ர காசு, பிள்ளையின்ர முகம்.
ஆனால் தராசுக்குப் பக்கத்தில் நிண்டு பழகின வாய்:
"தம்பி, இதிலை ஒரு கால் இல்லை."

ரை கட்டின ஒருத்தர் வந்தார்.
"அன்ரி, சிங்கப்பூரிலை இப்பிடித்தான் குடுப்பினம்."
"நான் அங்கை போனதில்லைத் தம்பி.
ஒன்பது கால் நண்டும் போனதில்லை."

றெஜினோல்டின்ர பெடியன் தண்ணிச் சாடியோட
சிங்கத்தின்ர பக்கம் திரும்பி நிண்டான்.
தோள் குலுங்கிச்சுது.

மெலிற்றாவுக்குக் காது சிவந்தது.
தேப்பன்ர காது அவளுக்கு, எதையும் மறைக்காது.
எழும்பிப் போயிடுவாளோ எண்டு பயந்தன்.
அவள் பாக்குவெட்டி மாதிரி ஒரு சாமானை எடுத்து
பெரிய கையை உடைச்சு
தசையை முறியாமல் இழுத்து
என்ர கோப்பையில் வைச்சாள்.
"சாப்பிடுங்கோ இன்ஸ்பெக்ரர்."

இனிப்பு. பிறகுதான் உறைப்பு, பஸ்சைத் தவறவிட்டு வந்த மாதிரி.
முருங்கையிலை இல்லை, சரக்கு இல்லை.
தசை நிறைவு, தண்ணி நண்டு இல்லை.
ரைக்காரரைக் கூப்பிட்டு அதையும் சொன்னேன்.
நியாயம் நியாயம்தானே.
அவர் சும்மா நாலு பன் அனுப்பினார்,
நாலையும் கெவின் முடிச்சான்.
பில்லில் ஒரு சதமும் குறையேல்லை.

படியிறங்கேக்கை, வாயோரம் சிவப்போட, அவன்:
"அம்மா, மற்றக் கால் எங்கை?"
"பிடிபட்டால் கழட்டி விட்டிட்டு ஓடும்.
பிறகு முளைக்கும்."
"ஓடினதெண்டால் பிறகேன் கோப்பையில?"

மனுசன் மோட்டச்சைக்கிளை உதைச்சார்.
மூண்டாம் உதையில்தான் பிடிச்சுது.
நான் மகளின்ர ஸ்கூட்டியில்.
நாளைக்கும் நாலு மணி.
ஆரியகுளச் சந்தியில் சிவப்பு விளக்கு.
எத்தினை தரம் கழுவின விரலை மணந்து பார்த்தன்,
அதே நண்டு, சீனியோட.